அம்மச்சியின் சுரியானி

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாற்றுக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு அணைப்பக்கம் திரும்பினால் அமராவதி நகர் வரும். 1957-இல் கட்டப்பெற்ற அணையும், 1962-இல் தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளியும், அவற்றைச் சூழ்ந்த சில குடியிருப்புகளுமே அவ்வூர். மேற்கே மலை, மலைக்கு அப்பால் மலையாள நாடு. இல்லச் சந்திப்புக்காக நாம் அங்குச் செல்லும் நாள்களில், தெருக்கோடியிலிருந்த ஓட்டு வீட்டின் திண்ணையிலிருந்து ஒரு மூதாட்டியின் குரல் நம்மை எதிர்கொள்ளும். “ஈசோ மிசிஹாய்க்கு ஸ்துதியாயிரிக்கட்டே, அச்சா!” இயேசு மெசியாவுக்குப் புகழ் உண்டாகுக என்பது அதன் பொருள். நாம் தமிழில் மறுமொழி கூறிவிட்டு உள்ளே செல்வோம்.

மீனச்சில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த குடும்பம் அது. மகன் நூற்பாலை ஒன்றில் ஃபிட்டர். மருமகளும், தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியும் உடன் இருந்தனர். பிறப்பால் அவர்கள் சீரோ மலபார் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவர்கள். அம்முறையினருக்கெனக் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு இராமநாதபுரம் மறைமாவட்டம் 2010-இல் நிறுவப்பெற்றதை வாசகர்கள் அறிவர். (இது சேதுபதிகளின் இராமநாதபுரமன்று, கோவை நகரின் ஒரு பகுதி. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு நம்மிடம் வழி கேட்டவர்கள் உண்டு.) ஆயினும், ஞாயிறுதோறும் கோவைக்குப் போய்வர இயலாத காரணத்தால், அக்குடும்பத்தார் நம்முடைய இலத்தீன் முறைத் திருப்பலிக்கே வந்துகொண்டிருந்தனர். ஊரார் எல்லோரும் அழைத்தவாறே நாமும் அம்மூதாட்டியை ‘அம்மச்சி’ என்றே அழைத்து வந்தோம்.

அம்மச்சி கீரை ஆயும்போதும், பூண்டு உரிக்கும்போதும், தமக்குள் ஏதோ ஒன்றைப் பாடிக்கொண்டே இருப்பார். மலையாளம் நமக்கு ஓரளவு விளங்கும். இது மலையாளமன்று. ஒருநாள் கேட்டோம்: “அம்மச்சி, என்ன பாட்டு இது? என்ன பொருள்?” அவர் சிரித்தார். “அர்த்தம் எனிக்கறிஞ்ஞூடா அச்சா. சுரியானியா. சாச்சன் பாடித் தந்நதா” என்றார். பொருள் தெரியாது, தகப்பனார் பாடித் தந்தது என்பது அவர் சொன்ன விடை.

அப்போது நாம் சொன்ன சொற்களை இன்று எண்ணினாலும் நாணம் உண்டாகிறது. குருமடத்தில் திருவழிபாட்டு வரலாறு கற்றவர்கள் நாம். தாய்மொழியில் மக்கள் வழிபட வேண்டும் என்பதற்காகத் திருச்சபை எத்துணைப் பாடுபட்டது என்பதை மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். ஆகவே, புரியாத மொழியில் பதினாயிரம் சொற்களைவிடப் புரிந்த ஐந்து சொற்களே மேல் எனப் புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை எடுத்துக்காட்டி, “கிளிப்பிள்ளை சொல்வது போல் சொல்லலாமா, அம்மச்சி? தமிழிலோ மலையாளத்திலோ பொருளுணர்ந்து செபியுங்கள்” என்று அறிவுரை பகர்ந்தோம். அவர் மறுத்து ஒன்றும் கூறவில்லை. “செரி அச்சா” என்றார். அதன்பின் நாம் அத்தெருவில் நுழைந்தவுடன் அப்பாட்டு நின்றுவிடும். நம் காலடி ஓசையைக் கேட்டு அவர் நிறுத்திவிடுகிறார் என்பதை உணரவே நமக்கு ஓராண்டு ஆயிற்று.

அன்பர்களே, அம்மச்சி பாடிய மொழியைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். அரமேயம் என்னும் மொழியின் ஒரு கிளை சுரியானி. அரபு, எபிரேயம், எத்தியோப்பியரின் அம்காரிக்கு, பழைய எகிப்தியம், சோமாலி ஆகியவை அடங்கிய ஆப்பிரிக்க-ஆசிய மொழிக்குடும்பத்தில் பிறந்தது அரமேயம். பாரசீகப் பேரரசு தன் அலுவல்களை நடத்த இம்மொழியைப் பயன்படுத்திற்று. அவ்வரசு மறைந்தபின்னும் மொழி மறையவில்லை. நம் நாட்டு அசோக மாமன்னரே தம் எல்லைப்புற மக்களுக்காக அரமேயத்தில் ஆணை பொறித்தார். கிரேக்கத்திலும் அரமேயத்திலும் அவர் வெட்டுவித்த கல்வெட்டொன்று காந்தகாரில் 1958-இல் கண்டெடுக்கப்பெற்றது. நம் ஆண்டவர் நாசரேத்தூரில் தாய்மடியிலிருந்து பேசிய மொழியும் இதுவே. யாயீரின் மகளைத் தொட்டு ‘தலித்தா கூம்’ என்றதும், காதுகேளாதவனை நோக்கி ‘எப்பத்தா’ என்றதும் நற்செய்தி நூல்களில் அரமேய உருவிலேயே நிற்கின்றன. கிரேக்கத்தில் எழுதிய நற்செய்தியாளருக்கு அவற்றை மொழிபெயர்த்து மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை போலும்.

எதெஸ்ஸா நகரத்து அரமேயமே சுரியானி என வழங்கியது. கிழக்கத்தியத் திருச்சபைகள் அதைத் தம் வழிபாட்டு மொழியாக்கிக் கடல் வழியே மலையாளக் கரைக்குக் கொண்டுவந்தன. 849-ஆம் ஆண்டினதாகக் கணிக்கப்பெறும் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அப்பள்ளியை எழுப்பியவராகக் குறிக்கப்பெறும் மருவான் சபீர் ஈசோவின் பெயரிலேயே ‘ஈசோ’ இருக்கிறது. வட்டெழுத்தில் வெட்டப்பெற்ற செப்பேடு அது. தமிழறிந்தார் எவரும் முயன்றால் படிக்கலாம். கொடுங்கல்லூரில் 1301-இல் எழுதப்பெற்ற சுரியானி ஏடு ஒன்று இன்றும் வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. பவுலடியாரின் திருமுகங்களிலிருந்து எடுத்த வாசகங்கள் அடங்கிய அவ்வேட்டை எழுதியவர் பதினான்கு வயதுச் சிறுவர். இந்தியாவில் எழுதப்பெற்று எஞ்சியுள்ள சுரியானி ஏடுகளில் இதுவே பழமையானது.

இவற்றையெல்லாம் நாம் அறிந்தது, அம்மச்சிக்கு அறிவுரை கூறிய பின்னரே. முன்னரே படித்திருந்தால் வாய் அடங்கியிருக்குமோ என்னவோ.

ஒலிகளைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோதுதான் வியப்பு மிகுந்தது. தமிழில் வல்லினம் ஆறு. கல் என்பதில் வன்மையாக ஒலிக்கும் ககரம் பகல் என்பதில் மென்மையாகிவிடுகிறது. பக்கம் என இரட்டித்தால் மீண்டும் வன்மை பெறுகிறது. எழுத்து ஒன்றே, இடம் நோக்கி ஒலி மாறும். சுரியானியிலும் இவ்வாறு இடம் நோக்கி மாறும் எழுத்துகள் ஆறே. அவற்றுள் மூன்று நம் க, த, ப. மற்ற மூன்று அவற்றின் அதிர்வொலி இணைகள். சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் அவை வன்மையாக நிற்கும்; உயிரை அடுத்து வந்தால் உரசலாக நெகிழும். ‘மல்கா’ என்றால் அரசன். அங்கே ககரம் லகர மெய்யை அடுத்து நிற்பதால் வன்மை. ‘மலாஃகா’ என்றால் வானதூதர். அங்கே உயிரை அடுத்து நிற்பதால் தொண்டையடியில் உரசும் ஒலி. (அவ்வொலியைக் காட்ட ஆய்தத்தை இட்டுள்ளோம். தொழிலின்றி ஓய்ந்திருக்கும் அப்பழைய எழுத்துக்கு இதுவும் ஒரு பணி.) வன்மைக்கு எழுத்தின்மேல் ஒரு புள்ளி, நெகிழ்ச்சிக்குக் கீழே ஒரு புள்ளி என அவர்கள் இட்டு எழுதினர். நாமோ புள்ளியும் இடாமலே காலம் கழிக்கிறோம்.

இவ்வொற்றுமையைக் கண்டு இரு மொழிக்கும் உறவு கற்பிப்பது பிழை. ‘அப்பா’ என நாம் அழைப்பதும் ‘அப்பா’ என ஆண்டவர் தம் தந்தையை அழைத்ததும் ஒன்றே என மறையுரையில் உருகிப் பேசுவோர் உளர். நாமும் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் அவ்வாறு பேசிப் பாராட்டும் பெற்றோம். மழலை வாய் முதலில் எளிதாகப் பிறப்பிப்பது உதடுகள் கூடிப் பிரியும் ஒலியையே. ஆகவே ஒன்றோடொன்று தொடர்பற்ற பற்பல மொழிகளில் பெற்றோர் பெயர்கள் இவ்வாறே அமைந்துள்ளன. பேசியதைத் திரும்பப் பெற வழியில்லாமையால் இங்கே எழுதித் தீர்க்கிறோம்.

தமிழில் அறவே இல்லாத ஒலிகளும் அதில் உண்டு. அடித்தொண்டையை இறுக்கிப் பிறப்பிக்கும் ‘ஹேத்’ ஒன்று. அதே இடத்தில் குரலோடு பிறக்கும் ‘அயின்’ மற்றொன்று. இவற்றால் நேர்ந்த தொல்லை ஆண்டவரின் ஊராருக்கே இருந்தது. கலிலேயர் இத்தொண்டை ஒலிகளைக் குழப்பி ஒலிப்பவர் என யூதேயர் நகைத்தனர். யூதரின் தால்முது நூலில் ஒரு கதை உண்டு. கலிலேயன் ஒருவன் கடைத்தெருவில் ‘அமர்’ யாரிடம் உண்டு எனக் கேட்கிறான். ஏறிச் செல்லும் கழுதையா, அருந்தும் திராட்சை இரசமா, உடுத்தும் கம்பளியா, அறுக்கும் ஆட்டுக்குட்டியா என அங்கிருந்தோர் அவனைத் திருப்பிக் கேட்டு எள்ளுகின்றனர். நான்கு சொல்லும் அவன் வாயில் ஒன்றாயின. தலைமைக் குருவின் முற்றத்தில் இராயப்பரை அவர் பேச்சே காட்டிக்கொடுத்தது என மத்தேயு எழுதுவது இதனை ஒட்டியே இருக்க வேண்டும். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றும் ‘பலம்’ என்றும் சொல்லக் கேட்டு உதடு சுழிக்கும் நம்மவர்க்கு அம்முற்றத்தில் நின்றோரின் குரல் அயலானதன்று.

மலையாள நாட்டுக் குருக்கள் மற்றொன்றும் செய்தனர். தங்கள் தாய்மொழியையே சுரியானி எழுத்தில் எழுதினர். கர்சோனி என்பது அதன் பெயர். சுரியானிக்கு எழுத்து இருபத்திரண்டே. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் ணகரத்துக்கும் அதில் இடமேது? ஆகவே அவற்றுக்கு மட்டும் மலையாள எழுத்துகளைக் கடன் வாங்கி இடையிடையே பதித்தனர். நம் கீழக்கரை, காயல்பட்டினத்து இசுலாமியப் பெரியோர் அரபுத்தமிழுக்காக அரபு எழுத்துகளில் புதுப்புள்ளிகள் இட்டதும் இதே தேவையால்தான்.

1962 சூலை 3-ஆம் நாள், புனித தோமையார் திருநாளில், சீரோ மலபார் திருப்பலி மலையாளத்தில் தொடங்கப்பெற்றது. நன்மையே விளைந்தது, அதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் அம்மச்சி அப்போது இருபது வயதைக் கடந்த பெண். அதுவரை அவர் காதில் நிறைந்திருந்தது சுரியானி. அவருக்குப் பின் பிறந்த மகனுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. சிறு வயதில் கேட்ட இராகம் மட்டும் மங்கலாக நினைவிருப்பதாக அவர் நம்மிடம் சொன்னதுண்டு.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு மார்கழி மாதத்தில் அம்மச்சியைப் பக்கவாதம் தாக்கியது. உடுமலை மருத்துவமனையில் இரு வாரம் இருந்து வீடு திரும்பினார். வலக்கை அசையவில்லை, பேச்சும் போயிற்று. மகனைக் காட்டி இது யார் எனக் கேட்டால் கண்ணீர் மட்டும் வரும். தண்ணீர் என்ற சொல்லும் அவருக்கு எட்டவில்லை. நோயில்பூசுதல் அளிக்க நாம் சென்றோம். எண்ணெய் பூசி, செபம் முடித்து எழுந்தபோது அவர் வாய் திறந்தார். தெளிவாக, இராகத்தோடு, ஒரு பிழையுமின்றிப் பாடினார். ‘கந்தீசா’ என மும்முறை வரும் முப்புனிதப் பாடல் அது. உடன்வந்த உபதேசியார் திகைத்துவிட்டார். பேச்சிழந்தோரிடமும் மனப்பாடமான செபமும் பாட்டும் சிலவேளை எஞ்சி நிற்பதுண்டு என மருத்துவர் பின்னர் விளக்கினார்.

மும்முறை பாடியவர் நிறுத்தினார். நம் முகத்தையே நோக்கினார். மகனை நோக்கினார். சற்றுப் பொறுத்து மீண்டும் முதலிலிருந்து பாடினார், மீண்டும் அதே இடத்தில் நிறுத்தினார், மீண்டும் நோக்கினார்.

“அவங்க வீட்ல அப்படித்தான் ஃபாதர்,” என்றார் மகன். “அம்மச்சியோட சாச்சன் முன்பாதி பாடுவாராம். பிள்ளைங்கெல்லாம் பின்பாதி சொல்லணுமாம். இப்ப நாம சொல்லணும்னு பார்க்கிறாங்க. எனக்குத் தெரியலையே ஃபாதர்!”

நமக்கும் தெரியவில்லை. கிளிப்பிள்ளை என எதைச் சொன்னோமோ, அதன் மறுபாதி இன்றி அறையில் நால்வர் ஊமைகளாக நின்றோம்.

அன்றிரவே கைப்பேசியில் தேடினோம். ஈராக்கியப் பாடகர் குழு ஒன்று அப்பாடலைப் பாடியிருந்தது. மறுநாள் அதை அம்மச்சியின் காதருகே ஒலிக்கச் செய்தோம். கருவி தன்போக்கில் பாடிச் சென்றது. அவருக்காக எங்கும் நிற்கவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்னர், கோட்டயத்தில் சுரியானி கற்று வெளிநாட்டிலும் அதைப் பயின்ற இளங்குரு ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம். பொறுமைசாலி. பின்பாதி இரண்டே சொல் என்றார். ‘இரக்கமாயிரும்’ என ஒரு சொல். ‘எங்கள் மீது’ என ஒரு சொல். முதற்சொல்லில் நாநுனியைப் பல்லிடையில் வைத்து ஊதும் தகரம் ஒன்றும், ஹேத் ஒன்றும். இரண்டாம் சொல்லின் தொடக்கத்தில் அயின். மூன்றும் தமிழ் நாவுக்குப் புதியவை. “எத்ரஹம்” என்போம், “தகரம் நெகிழட்டும் ஃபாதர்” என்பார். அயினுக்காகத் தொண்டையை இறுக்கியபோது சமையற்காரர் ஓடிவந்து தண்ணீர் வேண்டுமா எனக் கேட்டார். மூன்று மாலைகள் பயின்றோம். இளங்குரு, போதும் எனச் சான்றளித்தார்.

நான்காம் நாள் அமராவதி நகருக்கு விரைந்தோம். அம்மச்சி பாடினார்; நிறுத்தினார்; நோக்கினார். நாம் பயின்றவாறே தொண்டையிலிருந்து மறுமொழி கூறினோம். அவர் முகம் மலரவில்லை. புருவம் சுருங்கிற்று. இடக்கையை மெல்ல அசைத்து, இல்லை எனக் காட்டினார். மீண்டும் பாடினார். மீண்டும் கூறினோம். மீண்டும் இல்லை.

திண்ணையில் வந்து அமர்ந்தோம். மகன் வேறொரு பேச்சை எடுத்தார். முடிவு நேர்ந்தால் சொந்த ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அம்மச்சியின் பழைய விருப்பமாம். ஊர்ப் பங்கில் அவருடைய மாமோதீசாப் பதிவு தேவைப்படுமோ, அதை வரவழைக்கட்டுமா என்று கேட்டார். வரவழையுங்கள் என்றோம், சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டோம்.

மாமோதீசா! திருமுழுக்கைக் குறிக்கும் அச்சொல்லும் சுரியானியே. நூல்களில் அதன் ஈற்றில் நிற்பது சகரமன்று. பல்லிடையில் ஊதும் அந்த நெகிழ்ந்த தகரமே. மலையாள நாட்டு வாய் அதைச் சகரமாக்கிக்கொண்டது. அதே சொல்லின் நடுவிலிருந்த அயினையும் சுவடின்றி விழுங்கி, ‘மா’ என நீட்டி அமைதி கண்டது. அம்மச்சி பாடும் ‘கந்தீசா’ என்பதும் ஏட்டில் ‘கத்தீசா’ போன்று தகரம் இரட்டித்த சொல். அவ்விரட்டிப்பு அவர்கள் வாயில் ‘ந்த’ என மாறியிருக்கிறது. அப்படியானால் அவர் தகப்பனார் வீட்டுப் பிள்ளைகள் ‘எத்ரஹம்’ என்றிருக்கமாட்டார்கள். அயினுக்காகத் தொண்டையை இறுக்கியிருக்கவும் மாட்டார்கள். நாம் கற்றது ஏட்டின் ஒலி. அவர் காத்திருந்தது மீனச்சில் கரையின் ஒலி.

உள்ளே சென்றோம். அவர் பாடி முடிக்கக் காத்திருந்து, “எஸ்ரஹம் அலைன்” என்றோம்.

அம்மச்சி கண்களை மூடிக்கொண்டார். பிறகு அடுத்த சுற்றைத் தொடங்கினார். அம்முறை நிறுத்தியபோது நம் முகத்தை நோக்கவில்லை. மறுமொழி வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இம்மொழியின் உறவு மொழிகளைத் தாய்மொழியாகப் பேசும் மக்கள் இன்றும் உளர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சுரியானியின் நேர்வழி மக்கள் அல்லர் அம்மொழிகள். உடன்பிறந்தாரின் மக்கள் எனலாம். சிரியாவில் தமாஸ்குவுக்கு வடக்கே மலைச்சரிவிலுள்ள மாலூலா ஒன்று. அருகே பக்கா, ஜூபாதின் என இரு சிற்றூர்கள். பின்னவை இரண்டும் இசுலாமியரின் ஊர்கள் எனின் வாசகர் வியக்கக்கூடும். ஆண்டவர் பேசிய மொழியின் கிளையை அவர்களும் பேசுகின்றனர். அயினும் ஹேத்தும் அங்கே இன்றும் உயிரோடு உள்ளன. ஈராக்கின் நினிவே சமவெளியில் வாழும் கல்தேயரும் அசீரியரும் பேசும் சூரத்து மொழியிலோ பெரும்பாலும் அயின் மறைந்தது. ஹேத் ககர உரசலாயிற்று. மலையாளத்தார் ‘மிசிஹா’ என்பதை அவர்கள் ‘மிசிஃகா’ என்கின்றனர். துருக்கியின் தூர் அப்தின் மலைநாட்டில் வேறொரு கிளை. 1915-இல் நிகழ்ந்த படுகொலைகளுக்கும் பின்வந்த இடப்பெயர்ச்சிகளுக்கும் பிறகு அதைப் பேசுவோரில் மிகப்பலர் சுவீடனிலும் செருமனியிலும் வாழ்கின்றனர். 2013-இல் போர் மாலூலாவுக்குள் புகுந்தது. கன்னியர் மடத்துச் சகோதரிகள் கடத்தப்பெற்று 2014 மார்ச்சில் விடுவிக்கப்பெற்றனர். 2014 ஆகத்தில் நினிவே சமவெளியின் காரகோசு நகரம் ஒரே இரவில் வெறுமையாயிற்று. திருத்தந்தை பிரான்சிசு 2021 மார்ச்சில் அந்நகரின் கோவிலில் நின்று செபித்தபோது, வீடு திரும்பிய குடும்பங்கள் அவரைச் சூழ்ந்திருந்தன, திரும்பாதவர்களும் பலர். தாய் தொடங்கும் பாட்டை முடித்துவைக்கும் பிள்ளைகள் ஆத்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள்.

நம் பங்கிலேயே, பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்ய சார்க்கண்டிலிருந்து வந்த பெண்மக்கள் சிலர் உளர். குருக்கு மொழி பேசுவோர். அது நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி. நாம் கண் என்பதை அவர்கள் தொண்டையில் உரசி ‘ஃகன்’ என்பார்கள். முன்பெல்லாம் அவர்களிடம், “இந்தியில் சொல்லுங்கள், இங்கே குருக்கு யாருக்கு விளங்கும்?” என்று நாம் சொல்வதுண்டு. இப்போது சொல்வதில்லை.

நாள்தோறும் அமராவதி நகருக்குச் செல்ல நமக்கு இயலவில்லை. மறுமொழியைப் பேத்திக்குக் கற்பித்தோம். தன் கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். நெகிழ்ந்த தகரம், அயின் எனத் தொடங்கிய நம் விளக்கத்தை அவள் பாதியில் நிறுத்தி, “அம்மச்சி எப்படிச் சொன்னா ஒத்துக்குவாங்க, அதை மட்டும் சொல்லுங்க ஃபாதர்” என்றாள். சொன்னோம். முதல் முறையே சரியாகச் சொல்லிவிட்டாள். அதன்பின் மாலைகளில், பள்ளிப் பையை இறக்கிவைத்ததும் அவளுக்கு அதுவே முதல் வேலை என்றார் தாய்.

பதினெட்டு நாள் அவ்வாறு கழிந்தது. தை மாதத்து விடியற்காலை ஒன்றில் நமக்குச் செய்தி வந்தது. நாம் போய்ச் சேர்ந்தபோது அம்மச்சியின் கட்டை விரல்களைக் கட்டியிருந்தார்கள். சொந்த ஊருக்குக் கொண்டுசெல்ல வண்டி பேசியாயிற்று. மலைச்சாலையா, பாலக்காட்டு வழியா என வெளியே ஆண்கள் கலந்துகொண்டிருந்தனர். பேத்தி கட்டிலருகே தரையில் அமர்ந்திருந்தாள். இரவு முழுவதும் அங்கேயே இருந்தாளாம். நாம் அருகில் அமர்ந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“ராத்திரி மூணு தடவை பாடினாங்க ஃபாதர். மூணு தடவையும் நான் சொன்னேன். நாலாவது தடவை பாதியிலேயே நிறுத்திட்டாங்க. இன்னும் அந்த இடமே வரல. சொல்லலாமா, வேண்டாமான்னு எனக்குத் தெரியல. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, நான் சொல்லிட்டேன்.”